பஸ்ஸும் ரயிலும் யாரைக் கேட்டு ஓடுகின்றன?

திருப்பதிக்கும் காட்பாடிக்கும் இடையே உள்ள ஒற்றை ரயில் பாதையை இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரல் 9ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தூரம் 104 கிலோமீட்டர். செலவு 1,332 கோடி ரூபாய். பாகாலாவும் சித்தூரும் வழியில் இருக்கின்றன. இது எங்களால் வந்தது என்று சொல்லிக்கொள்ள எந்தக் கட்சியிலும் ஆளுக்குக் குறைவில்லை. யாரால் வந்தாலும் சரி, வரவேற்கிறோம். இரட்டைப் பாதை வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

நாம் கேட்பது வேறு. அந்தப் பாதையில் நாளை எந்த வண்டி ஓடும், எங்கே நிற்கும், எந்த நேரத்துக்கு வரும், என்ன கட்டணம் வாங்கும் என்று முடிவு செய்யும்போது, அதில் தினமும் ஏறி இறங்குகிற சனங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்பார்களா?

சர்க்கார் அறிவிப்பைத் தோழர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். சுமார் 400 கிராமங்கள், 14 லட்சம் மக்கள் பயன் பெறுவார்கள் என்கிறது. ஆண்டுக்கு 40 லட்சம் டன் சரக்கு கூடுதலாகப் போகுமாம். 4 கோடி லிட்டர் எண்ணெய் மிச்சமாகுமாம். 20 கோடி கிலோ கரியமில வாயு குறையும், அது ஒரு கோடி மரம் நட்டதற்குச் சமம் என்றும் கணக்குச் சொல்கிறது. திருமலைக்கும் காளஹஸ்திக்கும் காணிப்பாக்கத்துக்கும் சந்திரகிரிக் கோட்டைக்கும் வருகிறவர்களுக்கு வசதி கூடும் என்கிறது. எல்லாம் நல்ல காரியங்களே. சரக்கு லாரியிலிருந்து ரயிலுக்கு மாறினால் காற்று சுத்தமாகும் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்தனை எண்ணிக்கை சொன்னவர்கள், சாதாரண பாசஞ்சர் வண்டி இன்றுள்ளதைவிட எத்தனை கூடும் என்ற ஓர் எண்ணை மட்டும் சொல்லவில்லை. மரத்தை எண்ணியவர்களுக்கு மனிதரை எண்ண நேரம் இல்லை போலும்.

ரயில்வேக்கு வெளியே இருக்கும் தோழர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால், ஒன்று ஏதாவதொரு ஸ்டேஷனில் லூப் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும். இதைக் கிராசிங் என்கிறோம். பின்னாலிருந்து வேகவண்டி வந்தால் அதற்கும் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒதுங்குவது யார்? சூப்பர்பாஸ்ட் வண்டி ஒதுங்காது. எக்ஸ்பிரஸும் பெரும்பாலும் ஒதுங்காது. சரக்கு வண்டியையோ பாசஞ்சர் வண்டியையோதான் ஓரம் கட்டுவார்கள். வண்டிக்குள் இருப்பவர்களுக்கு ஏன் நிற்கிறோம் என்பதே தெரியாது. கூலிவேலைக்குப் போகிறவனுக்கு அரைநாள் சம்பளம் போகும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவளுக்கு டோக்கன் போகும். கல்லூரிப் பிள்ளைக்கு முதல் வகுப்பு போகும். இதெல்லாம் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறுவதில்லை. வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்பது மட்டும்தான் ஏறும்.

இரட்டைப் பாதை வந்தால் எதிர்வண்டிக்காக நிற்பது ஒழியும். பின்வண்டிக்காக நிற்பது ஒழியாது. புதிதாகக் கிடைக்கிற நேரத்தையும் இடத்தையும் யாருக்குக் கொடுப்பது என்பதைத் தண்டவாளம் தீர்மானிப்பதில்லை, டைம்டேபிள் போடுகிற ஆபீஸ் தீர்மானிக்கிறது. அதையெல்லாம் தூரத்து வண்டிகளுக்கும் சரக்குக்கும் கொடுத்துவிட்டு, பழைய பாசஞ்சர் வண்டியைப் பழையபடியே விட்டுவிடலாம். அப்படி விட்டாலும் இரட்டைப் பாதை வெற்றி என்றே புள்ளிவிவரம் சொல்லும். ஏரி நிரம்பிவிட்டால் மட்டும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது. மடையைத் திறக்கிற இடத்தில் கடைமடைக்காரனும் போய் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பாதை இரட்டையாகும்போது லெவல் கிராசிங் கேட்டுகளை மூடுவார்கள். ஆளில்லா கேட்டுகளை அகலப் பாதையில் 2019 ஜனவரிக்குள் ஒழித்துவிட்டார்கள். அதனால் உயிர்கள் பிழைத்தன, அது நல்ல வேலை. ஆள் உள்ள கேட்டுகளுக்குப் பதில் இப்போது பாலம் கட்டுகிறார்கள், அல்லது பாதைக்கு அடியில் தாழ்வான சுரங்கவழி தோண்டுகிறார்கள். பாலம் என்றால் சரி. சுரங்கவழி என்றால் மழைக்காலத்தில் அது குளம். மாம்பழம் ஏற்றிய டிராக்டர் அதில் நுழையுமா, கரும்பு வண்டி நுழையுமா, பள்ளிப் பிள்ளைகள் எந்த வழியாகப் போவார்கள் என்பது அந்த ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். வரைபடத்தில் தெரியாது. சுரங்கவழி தோண்டி முடித்த பிறகு மகஜர் கொடுப்பதில் பலன் இல்லை.

கேட்காமல் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறெங்கும் போய்ச் சாட்சி தேட வேண்டாம். கோவிட் காலத்தை நினைத்துப் பார்த்தால் போதும். 2020 மார்ச்சில் பாசஞ்சர் வண்டிகள் எல்லாம் நின்றன. அன்றைக்கு அது அவசியம், யாரும் குறை சொல்லவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட்டியபோது அதே பெட்டி, அதே பாதை, அதே ஸ்டேஷன். பெயர் மட்டும் எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல். பெயர் மாறியதும் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆயிற்று. கட்டணத்தை உயர்த்துகிறோம் என்று பட்ஜெட்டில் சொல்லவில்லை, பார்லிமெண்டில் விவாதம் இல்லை. மாதம் 25 நாள் வேலைக்குப் போய்வருகிற ஒருவன் குறைந்தபட்சக் கட்டணத்திலேயே 500 ரூபாய் கொடுத்த இடத்தில் 1,500 ரூபாய் கொடுத்தான். சீசன் டிக்கெட்டும் நெடுநாள் செல்லாமல் இருந்தது. மெட்ரிக் படித்தவனுக்கே புரிகிற இந்தக் கணக்கு மேலே இருந்தவர்களுக்குப் புரியாமல் இல்லை.

டிக்கெட் சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. நேற்று வரை பத்து ரூபாய், இன்றைக்கு ஏன் முப்பது என்று கேட்ட மூதாட்டிகளுக்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை. சன்னலுக்கு வெளியே இருந்தவர்கள் உள்ளே இருந்தவர்களைத் திட்டினார்கள். கட்டணத்தை மாற்றியவர்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. கடைசியில் 2024 பிப்ரவரி இறுதியில், லோக்சபா தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, பழைய பத்து ரூபாய் திரும்பி வந்தது. நாடெங்கும் பயணிகள் சங்கங்கள் ஓயாமல் கேட்டன, தேர்தலும் வந்தது. இரண்டில் எதற்குப் பலன் அதிகம் என்பதை வாசகர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும். அதே 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் சலுகையை, ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் இருந்ததை, கோவிட் ஓய்ந்து ஆண்டுகள் ஆன பிறகும் திரும்பத் தரவில்லை. முதியவர்களுக்குச் சங்கம் இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

சரி, யாரிடம் போய்க் கேட்பது? இங்கேதான் நமது பகுதியின் விசேஷத் துன்பம் தொடங்குகிறது. சித்தூரும் பாகாலாவும் திருப்பதியும் குண்டக்கல் கோட்டம். நகரியும் புத்தூரும் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம். குப்பமோ தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர்க் கோட்டம். சித்தூர் மாவட்டத்துக் குப்பத்திலிருந்து மாவட்டத் தலைநகரான சித்தூருக்கு ரயிலில் வர வேண்டுமானால், தமிழ்நாட்டுக்குள் இறங்கி ஜோலார்பேட்டை, காட்பாடி என்று சுற்றி மூன்று மண்டலங்களைத் தொட்டு வர வேண்டும். மீட்டர் கேஜ் காலத்தில் விழுப்புரத்திலிருந்து காட்பாடி, பாகாலா வழியாகத் தர்மவரம் வரை ஒரே பாதையாகக் கிடந்தது. அன்று தென்னிந்திய ரயில்வே என்ற ஒரே கம்பெனிதான். இன்று பாதை அகலமாகி இருக்கிறது, ஆனால் பொறுப்பு துண்டு துண்டாகிவிட்டது. காட்பாடியில் இணைப்பு வண்டி கிடைக்கவில்லை என்றால், தவறு எங்களுடையதல்ல என்று இரண்டு பக்கத்தாரும் சொல்ல முடியும். இரண்டு பேர் சொல்வதும் சட்டப்படி சரியாகவே இருக்கும்.

ஆந்திரத்துக்கென்று விசாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென் கடற்கரை ரயில்வே 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதன் தலைமை அலுவலகத்துக்கு 2025 ஜனவரி 8இல் அடிக்கல் நாட்டினார்கள். குண்டக்கல் கோட்டம் அதில் சேரும் என்பது ஏற்பாடு. திருப்பதியிலிருந்து விசாகப்பட்டினம் எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால். சென்னை நூற்றைம்பது கிலோமீட்டர். திருப்பதியைத் தலைமையிடமாக வைத்துத் தனிக் கோட்டம் வேண்டும் என்ற பழைய கோரிக்கையை இந்த ஒரு கணக்குக்காகவே நாம் ஆதரிக்கிறோம்.

எல்லை ஒரு தடையே அல்ல என்பதற்கும் ரயிலே சாட்சி. சென்னைப் புறநகர் மின்வண்டி வடக்கே கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திரத்துக்குள் சூலூர்ப்பேட்டை வரை போகிறது. மேற்கே அதே புறநகர் வண்டி திருத்தணியோடு நிற்கிறது. திருத்தணி எங்கே முடிகிறதோ அங்கே நகரியின் விசைத்தறிகள் தொடங்குகின்றன. நூல் சென்னையிலிருந்து வருகிறது, துணி சென்னைக்குப் போகிறது, தறி ஓட்டுகிறவன் மட்டும் எண்ணிச் சொல்லக்கூடிய மெமு வண்டிகளுக்காகக் காத்திருக்கிறான். வடக்கே எல்லையைத் தாண்ட முடிந்த வண்டிக்கு மேற்கே தாண்டக் கால் இல்லையா? திண்டிவனத்திலிருந்து ஆற்காடு, ராணிப்பேட்டை வழியாக நகரிக்குப் புதுப் பாதை போட 2006-07 பட்ஜெட்டில் அனுமதி தந்தார்கள். அப்போது ரயில்வே இணை அமைச்சராக இருந்தவர் அரக்கோணம் எம்.பி. ஆர். வேலு. இத்தனை ஆண்டுகள் ஆகியும் திண்டிவனத்திலிருந்து நகரிக்கு வண்டி ஓடவில்லை. நிலம் எடுப்பு, நிதி ஒதுக்கீடு என்று காரணங்கள் மட்டும் ஓடுகின்றன.

பஸ் கதையைப் பார்ப்போம். 2025 ஆகஸ்ட் 15இல் ஆந்திர அரசு பெண்களுக்கு இலவசப் பஸ் பயணத்தை ஸ்திரீ சக்தி என்ற பெயரில் தொடங்கியது. பல்லெ வெலுகு, அல்ட்ரா பல்லெ வெலுகு, சிட்டி ஆர்டினரி, மெட்ரோ எக்ஸ்பிரஸ், எக்ஸ்பிரஸ் என்று ஐந்து வகைப் பஸ்களில் பெண்களும் திருநங்கையரும் காசில்லாமல் போகலாம். தமிழ்நாட்டில் 2021 மே 8 முதலும், கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதலும், தெலங்கானாவில் அதே ஆண்டு டிசம்பர் 9 முதலும் வந்த திட்டத்தின் தொடர்ச்சிதான் இது. வீட்டுக்காரனிடம் பஸ் காசு கேட்டு நிற்க வேண்டாம் என்பது சின்ன விஷயம் அல்ல. இலவசம் கொடுத்து நாட்டைக் கெடுக்கிறார்கள் என்று பேசுகிறவர்களோடு நாம் சேர மாட்டோம். மேம்பாலம் கட்டினால் அதில் கார் இலவசமாகப் போகிறது, அதை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை.

ஆனால் திட்டம் தொடங்கியபோதே மாநிலங்களுக்கு இடையே ஓடும் பஸ்களை அதிலிருந்து நீக்கி வைத்தார்கள். விஜயவாடாவில் இருப்பவருக்கு இது அற்ப விஷயம். சித்தூரில் இருப்பவருக்கு அல்ல. சித்தூரிலிருந்து வேலூர் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். கை ஒடிந்தாலும் கர்ப்பமானாலும், நகை வாங்கவும் பெண் பார்க்கவும், இந்தப் பக்கத்துச் சனம் தலைமுறை தலைமுறையாக வேலூருக்குத்தான் போகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ளூர் பஸ் கிடைத்தால் பெண்ணுக்கு இலவசம். எல்லைக்கு அந்தப் பக்கம் டவுன் பஸ் கிடைத்தால், அங்கே அடையாள அட்டைகூடக் கேட்காமல் இலவசம். நேராக வேலூர் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் முழுக் காசு! இரண்டு அரசுகளும் பெண்களுக்கு உதவத்தான் நினைத்தன. இரண்டு உதவிகளுக்கும் நடுவே, நரஹரிப்பேட்டைக்கும் கிறிஸ்டியான்பேட்டைக்கும் இடையில், நமது பெண்கள் விழுந்துவிட்டார்கள். திருத்தணியிலிருந்து நகரிக்கு வருகிற மருமகளுக்கும், சத்தியவேட்டிலிருந்து ஊத்துக்கோட்டைச் சந்தைக்குப் போகிற பூக்காரிக்கும் இதே கதிதான். எல்லையோர ஊர் ஒன்றில் நாலு பெண்களைக் கூட்டிவைத்து, அம்மா நீங்கள் எங்கே போவீர்கள் என்று கேட்டிருந்தால், திட்டம் எழுதும்போதே இது வெளிவந்திருக்கும்.

ஆட்டோக்காரர் விவகாரமும் இதே ரகம். பெண்கள் பஸ்ஸுக்கு மாறினால் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் வயிறு காயும் என்பது மற்ற மாநிலங்களில் முன்பே கண்ட உண்மை. இங்கே ஆட்டோ ஓட்டுநர்கள் தெருவுக்கு வந்த பிறகு, 2025 அக்டோபர் 4இல், 2.9 லட்சம் பேர் அளவுக்கு ஆளுக்கு 15,000 ரூபாய் என்று அறிவித்துக் கொடுத்தார்கள். கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் பஸ் போகாத கிராமத்திலிருந்து பஸ் நிற்கிற கூட்டுரோடு வரை ஆட்டோவுக்கு ஒரு முறையான வேலை கொடுக்க முடியுமா என்று அவர்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால், ஆட்டோக்காரனுக்கு ஆண்டு முழுவதும் பிழைப்பும் கிராமத்துக்கு வண்டியும் கிடைத்திருக்கும். பஸ் எண்ணிக்கையைக் கூட்டாமல் டிக்கெட்டை மட்டும் இலவசமாக்கினால் படிக்கட்டில் தொங்குவதுதான் மிஞ்சும் என்று கண்டக்டர்களும் டிரைவர்களும் சொல்வார்கள். 2020 ஜனவரி 1 முதல் அவர்கள் அரசு ஊழியர்கள். அவர்களையும் யாரும் கேட்பதில்லை.

சுற்றுச்சூழல் பற்றி ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் திருப்பதிக்கு மின்சாரப் பஸ்கள் வந்தன. நூறு பஸ்ஸுக்கு ஏற்பாடு, அதில் ஐம்பது திருமலை மலைப்பாதைக்கு. மலைக்காட்டில் டீசல் புகை குறைவது புண்ணியந்தான். ஏழுமலையானைப் பார்க்க வருகிறவன் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும், சரியே. பல்லெ வெலுகு என்றால் கிராமத்து வெளிச்சம் என்று பொருள். அந்த வெளிச்சம் மட்டும் ஏன் இன்னும் கரும்புகை கக்கிக்கொண்டு வருகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இத்தனைக்கும் மக்களைக் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது என்பதுதான் வேடிக்கை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாநிலங்கள் பஸ் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டுமானால், அதன் நகலை அரசிதழிலும், அந்தப் பாதையில் படிக்கப்படும் பிராந்திய மொழிப் பத்திரிகையிலும் வெளியிட வேண்டும். மக்கள் தங்கள் கருத்தைச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். ரயில் பாதைக்கு நிலம் எடுக்கவும் 2008இல் திருத்திய ரயில்வே சட்டப்படி உள்ளூர்ப் பத்திரிகைகளில் அறிவிப்பு வர வேண்டும், நிலத்தில் பாத்தியதை உள்ளவர்கள் 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அரசு நடத்தும் பஸ் கழகத்துக்கு ஆலோசனைக் குழு அமைக்க 1950ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டம் இடம் கொடுக்கிறது. ரயில்வேயில் ஒவ்வொரு கோட்டத்துக்கும் ஒவ்வொரு மண்டலத்துக்கும் பயணிகள் ஆலோசனைக் குழு இருக்கிறது. அதில் வர்த்தக சபைக்கு இடம் உண்டு, எம்.பி. சிபாரிசுக்கு இடம் உண்டு, பதிவு பெற்ற பயணிகள் சங்கத்துக்கும் இடம் உண்டு.

முப்பது நாள் அறிவிப்பு பத்திரிகையில் எந்த மூலையில், எந்த எழுத்தில் வருகிறது என்பது தோழர்களுக்குத் தெரியும். டெண்டர் விளம்பரத்துக்கும் காணாமற்போன பத்திரத்துக்கும் நடுவில் வரும். முப்பத்தோராம் நாள், ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று பைலை மூடுவார்கள். ஆலோசனைக் குழுவிலோ முதல் வகுப்பில் போகிறவர்கள்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேட்பது இன்ன எக்ஸ்பிரஸ் எங்கள் ஊரில் நிற்க வேண்டும், பிளாட்பாரத்தில் லிப்ட் வேண்டும் என்பது. கேட்கட்டும். லிப்ட் கிழவிக்கும் பயன்படும். ஆனால் காலை வேலைக்குப் போகிற பாசஞ்சரை இருபது நிமிஷம் முன்னால் விடுங்கள் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. ஆள் இல்லாத நாற்காலிக்கு யார் மீது கோபப்படுவது? விண்ணப்பம் போட்டு, சங்கத்தைப் பதிவு செய்து, அந்த நாற்காலியைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

மொழி தெரியாது, தெலுங்கில் எழுத வராது என்று பின்வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வோம். இந்திய அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவுப்படி, குறை தீர்க்கக் கேட்டு மத்திய அரசின் அதிகாரிக்கோ மாநில அரசின் அதிகாரிக்கோ எழுதும் மனுவை, அங்கங்கே வழங்குகிற எந்த மொழியிலும் கொடுக்கலாம். சித்தூரில் தமிழில் மனு எழுதுவது சலுகை அல்ல, உரிமை. வாங்க மறுத்தால் அந்தப் பிரிவைச் சொல்லிக் கையொப்பம் கேளுங்கள்.

1953 ஜூலையில் கல்கத்தாவில் நடந்தது இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது. அன்று டிராம் வண்டி ஆங்கிலேயக் கம்பெனியின் கையில் இருந்தது. இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரே ஒரு பைசா உயர்த்தினார்கள். இரண்டாம் வகுப்பில் போகிறவன் தொழிலாளியும் குமாஸ்தாவும். கட்டண உயர்வு எதிர்ப்புக் குழு அமைத்து, முதலில் பழைய கட்டணத்தையே கொடுத்தார்கள், பிறகு டிராமில் ஏறாமலே இருந்தார்கள். போலீஸ், கைது, துப்பாக்கிச் சூடு எல்லாம் வந்தது. ஒரு மாதத்துக்குள் உயர்வை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. நாம் டிராமைக் கொளுத்தச் சொல்லவில்லை. பயணம் செய்கிறவன் கூட்டாக நின்றால் ஒரு பைசாவைக்கூடத் தடுக்க முடிந்தது, தனித்தனியாக நின்ற நாம் இருபது ரூபாயை நாலாண்டு பொறுத்துக்கொண்டோம் என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறோம். இந்த வேலை இன்றைக்கும் நடக்கிறது. பெங்களூரில் பஸ் பயணிகள் தங்களுக்கென்று ஒரு வேதிகே அமைத்து, கட்டணம் பற்றியும் பஸ் எண்ணிக்கை பற்றியும் கணக்கோடு பேசி வருகிறார்கள்.

தமிழர் சங்கம் பஸ்ஸைப் பற்றிப் பேசினால் பழைய எல்லைத் தகராறைக் கிளப்புகிறார்கள் என்று சொல்லச் சிலர் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நமது பதில் இது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் முடிவில் 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் நகரியும் புத்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. இங்கேயே பிறந்த தமிழர்களும், வேலைக்கு வந்து இங்கேயே குடியிருக்கிற தமிழர்களும் அதை ஏற்று வாழ்கிறோம். கோட்டை மாற்றச் சொல்லவில்லை, கோட்டைத் தாண்டுகிற வண்டியை ஒழுங்காக விடச் சொல்கிறோம். பாகாலா பிளாட்பாரத்தில் வண்டி தாமதமானால் தமிழனும் தெலுங்கனும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள். ஆகவே இந்த மகஜர் தமிழிலும் தெலுங்கிலும் எழுதப்பட வேண்டும். தெலுங்குத் தோழர்கள் கையெழுத்து முதலில் இருந்தாலும் நமக்கு வருத்தம் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. இரட்டைப் பாதை வரும்போது காலையிலும் மாலையிலும் காட்பாடிக்கும் திருப்பதிக்கும் இடையே எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற மெமு வண்டிகளைக் கூட்டுவதாக இப்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். கேட் மூடுமுன் அந்தந்த ஊரில் கூட்டம் போட்டுக் கேட்க வேண்டும். எல்லை தாண்டும் சாதாரண பஸ்ஸில் அவரவர் மாநில எல்லை வரையாவது பெண்களுக்கு இலவசம் செல்ல வேண்டும், மிச்ச தூரத்துக்கு இரண்டு கழகங்களும் பேசிக்கொள்ளட்டும். புறநகர் வண்டி நகரி வரை வர வேண்டும்.

ஆனால் வெறுங்கையோடு போய்க் கேட்டால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதிகாரி மேஜையில் அவரிடம் இல்லாத கணக்கு நம்மிடம் இருக்க வேண்டும். எத்தனை டிக்கெட் விற்றது என்பது ரயில்வேக்குத் தெரியும். வண்டி இல்லாததால் ஸ்டேஷனுக்கே வராமல் மோட்டார் சைக்கிளில் மூன்று பேராகப் போனவர்கள் எத்தனை என்பது தெரியாது. இணைப்பு வண்டி தப்பிக் காட்பாடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர்கள் எத்தனை என்பதும் தெரியாது. அதை நாம்தான் எண்ண வேண்டும்.

இந்த இதழின் நடுப்பக்கத்தில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். ஒரு வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை, அவரவர் போன பயணத்தை அதில் எழுத வேண்டும். வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எதில் போனீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், எவ்வளவு காசு, ரயிலோ நேர் பஸ்ஸோ இருந்திருந்தால் அதில் போயிருப்பீர்களா? இவ்வளவுதான் கேள்வி. எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். சித்தூர், பாகாலா, திருப்பதி, நகரி, புத்தூர், குப்பம் கிளைகள் தலைக்கு ஐம்பது தாளாவது சேர்க்க வேண்டும். அதில் பாதிக்குக் குறையாமல் பெண்களுடையதாக இருக்க வேண்டும். சங்கத்துக் கூட்டத்துக்கு வருகிற ஆண்களே நிரப்பிக் கொடுத்துவிட்டால் நாமும் அந்த ஆலோசனைக் குழுவைப் போலத்தான். நிரப்பிய தாள்களைக் கிளைச் செயலாளரிடம் மாத முடிவுக்குள் கொடுக்கவும். கூட்டிக் கழித்து அடுத்த இதழில் வெளியிடுவோம். அதன் பிறகு அதே கணக்கோடு குண்டக்கல்லுக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் தூதுக்குழு போகும். தெலுங்கு படிக்கத் தெரிந்த தோழர்கள் கிளைக்கு இருவராவது தினசரியில் வரும் அரசு அறிவிப்புகளை இன்றிலிருந்து பார்த்து வரவும். 88ஆம் பிரிவு என்று கண்ணில் பட்டால் அன்றைக்கே தகவல் சொல்லவும், முப்பது நாள் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும்.